என் பட்டத்துக்கு வாசித்த ஓலை

சில வருடங்களுக்கு முன்பு, மழை ஓய்ந்து கடல் தெளிந்து கிடந்த ஒரு தை மாதத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கடற்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்போது நான் ஒரு பழைய அரசுப் பல்கலைக்கழகத்தில் முத்துச் சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து, எழுதி, அச்சடித்து, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசித் தேர்வுக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சிவப்புக் கட்டடம், நின்றுபோன ஒரு மணிக்கூண்டு, வாசலிலிருந்து நூலகம் வரைக்கும் வாகை மரங்கள் என்று சொன்னால் அங்கே படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முனைவர் பட்டத்துக்குக் கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. மற்றத் தேர்வுகளைப் போல அதை மூடிய அறைக்குள் நடத்தக் கூடாது. ஊரறிய நடத்த வேண்டும். சில வாரங்களுக்கு முன்பே அறிவிப்பு ஒட்டி, ‘ஆர்வமுள்ள அனைவரும் கலந்துகொள்ளலாம், கேள்வி கேட்கலாம்’ என்று போடுவார்கள். அந்த ‘அனைவரும்’ எந்தக் காலத்திலும் வந்ததில்லை. துறைப் பிள்ளைகள் நாலைந்து பேர் சமோசாவுக்காக வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிலும் ஒருவரிடம் முன்கூட்டியே கேள்வியைச் சொல்லிக்கொடுத்து வைத்திருப்போம்.

எனக்கு வந்த அறிவிப்பின் நகலை வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தேன். தேதி மறக்காமல் இருக்கட்டும் என்றுதான். அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். ‘அனைவரும் கலந்துகொள்ளலாம்’ என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் கோயிலில் சொல்ல வேண்டாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. செல்போனில் படம் எடுத்து உபதேசியாருக்கு அனுப்பிவிட்டாள்.

உபதேசியார் என்றால் எங்கள் கோயிலில் பங்குச்சாமிக்கு உதவியாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியும் நேரத்தில் அறிவிப்புகளை எல்லாம் அவர்தான் வாசிப்பார். அதில் முக்கியமானது ஓலை. எங்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். யாரும் எழுந்து எதுவும் சொல்லாவிட்டால் ஊருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அந்த ஞாயிறு இரண்டு கல்யாண ஓலை இருந்தது. உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் வாசித்தார். பிறகு, குரலை மாற்றாமல், மூச்சுக்கூட விடாமல் மூன்றாவதாக என் பெயரை வாசித்தார். இன்னாருடைய மூத்த மகள், முத்துச் சிப்பியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்க இருக்கிறார், முதல் ஓலை. அதோடு விட்டிருக்கலாம். பழக்க தோஷம் விடவில்லை. "இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றும் சேர்த்து முடித்தார்.

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கல்யாண ஓலைக்கு எப்படித் தலையாட்டுவார்களோ அப்படியே ஆட்டினார்கள். நான் மட்டும் ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினேன். அவர் பீடத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். தடை உள்ளவர் ஒருவர் கோயிலுக்குள் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும்.

அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். அவருடைய தம்பி, என் சித்தப்பாவும் அதே தொழில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இருவரும் ஒரே படகில் போனார்கள். சித்தப்பா காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கீழே போனார். அப்பா மேலே படகில் இருந்தார். சித்தப்பா உயிரோடு மேலே வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா சங்கு குளிக்கப் போவதை விட்டுவிட்டு வலைப் படகுக்கு மாறிக்கொண்டார். அந்த நாளைப் பற்றி வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வீட்டிலிருந்துதான் நான் கடலுக்கடியில் இறங்கிச் சிப்பிகளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினேன். எங்கள் பக்கம் பெண்கள் தொழில் படகில் காலே வைக்க மாட்டார்கள். நான் முதுகில் காற்றுருளையைக் கட்டிக்கொண்டு குதிப்பேன் என்றேன். "கடல்ல பொம்பளைக்கு என்னளா சோலி?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். நான் அழுது, சண்டை பிடித்து, சேர்ந்துவிட்டேன். அதோடு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை, சரி போ என்று சொல்லவும் இல்லை. மற்றபடி மீன் நன்றாக இருந்தால் எனக்கு எடுத்துவைப்பார், காய்ச்சல் என்றால் பதறுவார், எல்லாம் உண்டு. ஆராய்ச்சி என்ற பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். நான் கடலில் இறங்கும் நாட்களில் அவர் தொழிலுக்குப் போவதில்லை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் படகு கரைக்கு வந்துவிட்டது என்று யாராவது சொல்லும்வரை கரையில் மீன் ஏலக்கூடத்துப் பக்கமே நின்றுகொண்டிருப்பாராம்.

எனக்கு வேண்டியதெல்லாம் அவர் வாயிலிருந்து ஒரு ‘சரி’. பட்டம் கிடைப்பதற்குள் அது கிடைத்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு மனதில் இருந்தது.

இரண்டாவது ஞாயிறு இரண்டாம் ஓலை, மூன்றாவது ஞாயிறு மூன்றாம் ஓலை. அப்பா எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அப்பாவின் அக்கா. அவள் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

"வேன் பேசியாச்சு. வெள்ளனவே கெளம்பிருவோம்."

"எங்கத்தை?"

"உன் பரீச்சைக்குத்தான்."

நான் பதறிப்போய், இது கல்யாணம் இல்லை, எல்லாரும் வர வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் பேசுவார்கள், ஒன்றும் புரியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன்.

"மூணு ஓலை வாசிச்ச பொறவு நாங்க வராம இருந்தா, எங்களுக்குத் தடை இருக்குன்னுலா அங்கன உள்ளவிய நெனப்பாவ?" என்றாள் அத்தை.

தேர்வு அன்று இருட்டு பிரிவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. அரைத் தெரு அதற்குள் இருந்தது. உபதேசியார் முன் சீட்டில். அத்தையின் மடியில் எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் டப்பா, காலடியில் இன்னும் இரண்டு டப்பா. எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் போனால் மக்ரூன் இல்லாமல் போக மாட்டார்கள், அது பரீட்சையாகவே இருந்தாலும். அப்பாவும் வந்தார். அம்மா என்ன சொல்லிக் கிளப்பினாளோ தெரியாது, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் லேஞ்சியோடு கடைசி சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். லேஞ்சி என்பது எங்கள் பக்கம் பெரிய கைக்குட்டைக்குச் சொல்வது. உப்பளங்களைத் தாண்டும்போது உபதேசியார் செபமாலை ஆரம்பித்தார். நான் மனதுக்குள் இங்கிலீஷில் பதில்களை உருப்போட்டுக்கொண்டே அதற்கும் வாயசைத்தேன்.

கடற்காரர்களுக்கு நேரம் என்றால் விடியற்காலைதான். தேர்வு பதினோரு மணிக்கு. நாங்கள் போய் இறங்கும்போது பல்கலைக்கழகத்தில் கூட்டுகிறவர்கள்கூட வந்து சேரவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியை ஸ்கூட்டரில் வந்தவர், வேனிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் ஜனத்தைப் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புத்தகத்தை மூடி வை. இவங்களைக் கூட்டிட்டுப் போய் கேம்பஸை ஒரு சுத்துச் சுத்திக் காட்டு. உனக்கும் படபடப்பு குறையும்" என்றார்.

அப்படித்தான், என் வாழ்க்கையிலேயே முக்கியமான தேர்வுக்கு முன்னால் நான் சுற்றுலா வழிகாட்டி ஆனேன்.

சிவப்புக் கட்டடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் இங்கே இரண்டு மூன்று பாடம்தான் இருந்தது, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் சரித்திரம், மரத்துக்குப் பின்னால் இருப்பது ரசாயனம், மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அத்தனை வருடம் அங்கே திரிந்தும் அந்த இடத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவளுக்கு வாகை மரம் பூத்ததுகூடத் தெரியாது. பிறருக்குக் காட்டும்போதுதான் நம் வீடும் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

புல்வெளி நடுவில் ஒரு சின்ன மழைமானி உண்டு. தினமும் காலையில் ஒருவர் வந்து அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான். மழையே இல்லாத நாளிலும் வருவாரா என்று ஒருவர் கேட்டார். வருவார், ‘இல்லை’ என்று குறித்துவிட்டுப் போவார் என்றேன். "நம்ம பயலுவ கடலுக்குப் போற மாதிரிலா இருக்கு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

கணிதத் துறையில் ஜன்னல் வழியே ஒரு பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. கையில் சாக்பீஸ். அசைவே இல்லை.

"என்னளா செய்யுதாரு?" என்று அத்தை கேட்டாள். அவருக்கே கேட்டிருக்கும்.

"ஒரு கணக்கு, அத்தை. ரொம்ப வருசமா போட்டுப் பார்க்கிறார். இன்னும் விடை வரல."

"விடை வரலையா? அப்ப சம்பளம்?"

"அது வருது."

அத்தை அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "பாவம், நின்னுக்கிட்டேலா இருக்காரு" என்றாள்.

விலங்கியல் காட்சிக்கூடத்தில்தான் எங்கள் ஜனத்துக்கு உயிர் வந்தது. பெரிய கடல்பசு ஒன்றைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்திருப்பார்கள். கீழே எழுதியிருந்த ஊர்ப் பெயர் எங்கள் ஊர். பக்கத்துப் பெட்டியில் சங்குகள், அதற்கும் எங்கள் ஊர். சிப்பிகளுக்கும் எங்கள் ஊர். "எல்லாத்தையும் இங்கனதான் கொண்டாந்து வச்சிருக்காவளா!" என்று உபதேசியார் பெட்டிக்குப் பெட்டி போய்ச் சத்தமாக வாசித்தார். இவ்வளவு பெரிய இடத்தில் தங்கள் கடலுக்கும் ஒரு அறை இருக்கிறது என்பதில் அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கூலி வேலை செய்கிறவர் பிள்ளையும் அதிகாரி பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கும் இன்னும் தெரியாத ஒன்றைத் தேடுவதற்கு அரசாங்கம் ஒரு இடம் கட்டி, இத்தனை காலம் விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தேன். கூரை ஒழுகும், கோப்பு நகராது, ஆய்வகத்துக் கருவி பழுதானால் அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும். இருந்தாலும் அது நம் இடம்.

அப்பா எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளியே வந்துகொண்டிருந்தார். எதையும் கேட்கவில்லை. நூலகத்துக்குப் போனபோது எங்கள் ஆட்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. உள்ளே அத்தைகூட வாயைத் திறக்கவில்லை. மாடியில் ஆய்வேடுகள் இருக்கும் அறையைக் காட்டினேன். இதுவரை இங்கே பட்டம் வாங்கிய ஒவ்வொருவரும் எழுதியது, அட்டை போட்டு, சுவர் முழுக்க அடுக்கியிருக்கும்.

அங்கேதான் அப்பா என் பக்கத்தில் வந்தார். "நீ எழுதினது எங்கன?" என்றார், மெதுவாக.

கடைசி அலமாரியில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினேன். "இன்னும் வைக்கலப்பா. இன்னைக்குப் பாஸ் ஆனா இங்க வைப்பாங்க."

"எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"கட்டடம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

அப்பா அந்தக் காலி இடத்தில் கையை வைத்துத் தூசியைத் துடைத்தார். பிறகு லேஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. ‘சரி’ என்பது இதுதானா, இதற்குமேல் வருமா என்று எனக்குப் பிடிபடவில்லை. படபடப்பு குறைவதற்குப் பதில் கூடிவிட்டது.

கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து இழுத்துவந்து போட்டார்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் கறாருக்குப் பேர் போனவர். அவரிடம் மாட்டியவர்கள் அழுதுகொண்டு வெளியே வந்த கதைகள் எங்கள் விடுதியில் உண்டு. அவர் உள்ளே வந்து, கூடம் நிறைய மனிதர்களையும், மேசைமேல் மக்ரூன் டப்பாக்களையும், முன்வரிசையில் செபமாலையோடு உபதேசியாரையும் பார்த்துவிட்டு, அறை மாறி வந்துவிட்டோமோ என்று கதவில் இருந்த சீட்டை இன்னொரு தடவை வாசித்தார்.

நான் ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில்தான் பேசினேன். எங்கள் ஆட்கள் பூசை கேட்பதுபோல ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். எங்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை ‘பார்’ என்போம். முத்துச் சிப்பி அதில்தான் ஒட்டி வளரும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் என் வாயிலிருந்து வரும்போது மட்டும் கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கும்.

நடுவில் ஒரு சின்ன வீடியோ. நான் பாரில் இறங்கிச் சிப்பிக் குஞ்சுகளை எண்ணுவதை என்னோடு இறங்கிய தோழி எடுத்தது. திரையில் பச்சைத் தண்ணீர், பாறை, குனிந்திருக்கும் நான், என் தலைக்கு மேலே கொத்துக் கொத்தாக ஏறும் குமிழிகள். எங்கள் பெண்கள் "ஏசுவே" என்றார்கள். நான் திரையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் முன்னால் சாய்ந்து, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீருக்குள் இருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. வீடியோ முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

தேர்வாளர் கேள்விகளை ஆரம்பித்தார். கதைகளில் கேட்டது பொய்யில்லை. எதை எப்படி எண்ணினாய், ஏன் அந்த மாதத்தில் இறங்கினாய், மணல் வந்து மூடியது என்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று துளைத்தார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு ஒரு படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். ஒரு வருடம் மட்டும் குஞ்சுகள் ஏராளமாக வந்து ஒட்டியதைக் காட்டும் படம் அது. "இதை வைத்தே பார்கள் மீண்டு வருகின்றன என்று எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை?" என்றார். ஒரு வருடம் போதாது சார் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்து, பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம் என்று என் பேராசிரியை தமிழில் சொன்னார். நான் கேள்வி சொல்லிக்கொடுத்து வைத்திருந்த துறைப் பையன் எழுந்திருப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டாள்.

"ஏளா, நம்ம கடல்ல முத்து திரும்ப வருமா?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. எங்கள் தெருவுக்கு இந்த ஒரு கேள்விதான் என் படிப்பு. எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அப்பா கைக்குழந்தை என்பார்கள். நம்ம பிள்ளை படிக்கிறாள், முத்தைத் திரும்பக் கொண்டுவருவாள் என்று எத்தனையோ பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வருடத்துப் படம் இன்னும் திரையிலேயே இருந்தது. அதைக் காட்டி ‘வரும்’ என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். தேர்வாளரே கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. வேனில் வந்த அத்தனை முகத்தையும் பார்த்தேன். சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

"தெரியாது அத்தை" என்றேன். "குஞ்சு வருது. வளர்றதுக்குள்ள மணல் மூடிருது. சில பார்ல ஏன் மூடுதுன்னு கண்டுபிடிச்சிருக்கேன். முத்து திரும்ப வருமான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"இத்தன வருசம் படிச்சுமா?"

"ஆமா."

அத்தை பக்கத்தில் இருந்தவளிடம், "அந்தக் கணக்கு வாத்தியார் கணக்கா இவளும் நின்னுக்கிட்டேதான் இருக்கணும் போல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய ரகசியம் எல்லாருக்கும் கேட்டது. தேர்வாளர் முதல்முறையாகச் சிரித்தார்.

"வேறு யாருக்காவது கேள்வியோ ஆட்சேபமோ இருந்தால் சொல்லலாம்" என்றார் என் பேராசிரியை. எல்லாத் தேர்விலும் கடைசியில் சொல்கிற வாசகம்தான். சொல்லி முடிப்பதற்குள் மேசையிலிருந்து எழுந்துவிடுவார்கள்.

ஆட்சேபம் என்ற சொல் வந்ததும், வேனில் வந்த அத்தனை பேரும், உபதேசியார் உட்பட, திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. கோயிலில் மூன்று வாரமும் பார்க்காமல் அடக்கிவைத்திருந்த பார்வை அது. பிறகு கடைசி வரிசையில் ஒரு இரும்பு நாற்காலி தரையில் உரசிப் பின்னால் நகர்ந்தது.

அப்பா எழுந்து நின்றார். தோளில் இருந்த லேஞ்சியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் இவளோட அப்பா, சார்" என்றார் தேர்வாளரைப் பார்த்து. "ஓலை வாசிக்கும்போது தடை உள்ளவன்தான் எந்திரிக்கணும். எனக்கு ஒரு தடை இருந்துச்சு. கோயில்ல எந்திரிக்கல. உள்ளுக்குள்ளேயே வச்சிருந்தேன்."

தேர்வாளருக்கு ஓலையும் தெரியாது, தடையும் தெரியாது. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என் தம்பி கடல்ல கீழ போன அன்னைக்கு, படகுல இருந்து அவன் குமிழியப் பாத்துக்கிட்டு இருந்தது நான்தான். மேல இருக்கவனுக்கு அதான் வேலை. குமிழி தாறுமாறா வந்துச்சு. பொறவு வரல. அதுக்கப்புறம் இவ கீழ போறான்னா எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல. கரையிலேயே நின்னுக்கிடுவேன். இன்னைக்குத்தான் அந்தப் படத்துல பாத்தேன். குமிழி ஒரே சீரா வருது சார். பதறாத ஆளுக்குத்தான் அப்படி வரும்."

லேஞ்சியை நாலாக மடித்தார்.

"எனக்குத் தடை இல்ல. அதச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

உட்கார்ந்துவிட்டார். நான் மேடையில் நின்றபடியே அழுதேன். ஆய்வு மாணவி அழக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அம்மா அழுதாள், அத்தை மூக்கைச் சிந்தினாள், என் பேராசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தேர்வாளர்தான் முதலில் பேசினார். "நன்றி ஐயா" என்றார், அவ்வளவுதான். பிறகு பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் ஆங்கிலத்தில் அறிவித்தது எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. உபதேசியார் எழுந்து, "என்ன சார், ஆயிருச்சா?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் அடித்த கைதட்டலில் நின்றுபோன மணிக்கூண்டுகூட ஓட ஆரம்பித்திருக்கும். தேர்வாளர் மக்ரூன் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, இது எங்கே கிடைக்கும் என்று அத்தையிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு டப்பாவை அப்படியே அவர் பைக்குள் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் விழித்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உப்பளத்து வெளிச்சங்கள் தெரிய ஆரம்பித்தபோது, "அடுத்து எந்தப் பாருக்குப் போற?" என்றார். சொன்னேன். "அங்கன நீரோட்டம் சாஸ்தி. நானும் வாரேன்" என்றார். அடுத்த தடவை நான் கடலில் இறங்கியபோது படகில் அப்பா இருந்தார். நான் மேலே வரும்வரை தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை என்று படகுக்காரர் சொன்னார். இன்றுவரை அப்படித்தான். இப்போது வயதாகிவிட்டது, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

நான் அதே பல்கலைக்கழகத்தில் இப்போது பாடம் நடத்துகிறேன். முத்து திரும்ப வருமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மழைமானியைப் பார்க்க இன்னும் ஒருவர் வருகிறார். எங்கள் துறையில் எந்தப் பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு நடந்தாலும் நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு மேசையில் இருப்பவர்கள் எழுந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், பின்னால் இருப்பதெல்லாம் காலி நாற்காலிகள்தான் என்று தெரிந்தும், அவற்றில் ஒன்று தரையில் உரசி நகரும் சத்தம் எனக்குக் கேட்காமல் இருந்ததில்லை.